குடத்து ஓலையும் குறள் வெண்பாவும்

சில திங்களுக்கு முன் கடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்தேன். ஆலப்பாக்கத்தைக் கடந்தபோது, எதிரே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் வினவினார்: "ஐயா, ஒரு குரங்கு தட்டச்சுப் பொறியை ஓயாது தட்டிக்கொண்டிருந்தால் என்றேனும் திருக்குறள் வந்துவிடும் என்கிறார்களே, உண்மைதானா?"

குரங்கை இந்த வழக்கிற்கு இழுத்தவர் எமில் பொரேல் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர்; ஆண்டு 1913. (2003-இல் இங்கிலாந்தில் ஆறு குரங்குகளிடம் மெய்யாகவே கணிப்பொறி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் ஐந்து பக்கம் கிடைத்தது. பெரும்பாலும் 'எஸ்' என்னும் ஓரெழுத்தே!) நமக்குக் குரங்கு வேண்டுவதில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டுக் கூறும் குடவோலையே போதும்.

தமிழெழுத்து 247-ஐயும் தனித்தனி ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிடுவோம். குலுக்கி ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே இடவேண்டும். 'கடலூர்' நான்கெழுத்துச் சொல். நான்கு முறை எடுக்கையில் அது அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 372 கோடியில் ஒன்று. நொடிக்கு ஒரு முயற்சி என்றால் சராசரியாக 118 ஆண்டு காத்திருக்க வேண்டும். 'சிதம்பரம்' ஆறெழுத்து. கூடியவை இரண்டே எழுத்துகள். காத்திருப்போ 72 இலட்சம் ஆண்டு! ஒரு குறளுக்கு 30 எழுத்து எனக் கொண்டால், வேண்டிய முயற்சிகள் 72 இலக்க எண்ணாகும். கோடிப் பேர் நொடிக்குக் கோடி முறை முயன்றாலும், பேரண்டம் தோன்றியபின் கழிந்துள்ள 1,380 கோடி ஆண்டில் முடிவன 32 இலக்க அளவே.

"அப்படியானால் அது பொய்யா?" என்றார். பொய்யன்று, காலத்திற்கு எல்லையே இல்லையெனில் குறள் வந்தே தீரும். இவ்விடத்தில் சிதம்பரம் நமக்கு வேறு வகையிலும் உறவாகிறது. 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதப் பேரறிஞர் எஸ். எஸ். பிள்ளை, 1939-இலும் 1940-இலும் 'இயல்பெண்' பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். முடிவிலா இலக்கங்கள் கொண்ட ஓரெண்ணில், ஒரே நீளமுள்ள இலக்கத் தொடர்கள் எல்லாம் சம அளவில் வருமானால் அஃது இயல்பெண். இலக்கங்களை ஒன்றொன்றாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக என்று துண்டுபோட்டு, ஒவ்வொரு வகையிலும் எல்லாத் துண்டுகளும் சமமாக வருகின்றனவா என்று நோக்கினாலே போதும் என அவர் நிறுவினார்.

0.123456789101112 என்று முழு எண்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் கிடைப்பது இயல்பெண் என்பதைச் சாம்பர்னௌன் 1933-இல் மெய்ப்பித்திருந்தார். நம் எழுத்துகளுக்கு 101 முதல் 347 வரை எண்ணிட்டால், 30 எழுத்துள்ள குறள் 90 இலக்க எண்ணாகிவிடும். அது அவ்வரிசையில் இருந்தே ஆகவேண்டும். குலுக்கவும் வேண்டா, குரங்கும் வேண்டா!

எனினும் அதை எங்கே தேடுவது? அவ்வெண் தனி எண்ணாக நிற்கும் இடத்தைக் குறிக்கவே 91 அல்லது 92 இலக்கம் தேவை. பாட்டைவிட முகவரி நீளம். பாட்டை முன்பே அறிந்தவர்தாம் அந்த முகவரியைக் கணக்கிட்டுச் சொல்ல இயலும்.

மாணவர் சற்றே எண்ணிப் பார்த்தார். தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்தது என்னும் வரலாற்றை அவர் அறிந்திருந்தார். சம்பந்தர் பாடியவை பதினாறாயிரம் பதிகம் என்பது மரபு; இன்று நம் கையில் உள்ளவை நானூறுகூட இல்லை. "அழிந்த பதிகங்களும் அந்த எண்ணில் இருக்குமா ஐயா?" என்றார்.

"இருக்கும். ஒரு சொல் மாறிய போலிகளும், ஓரடி பிறழ்ந்த போலிகளும் அருகருகே கோடிக்கணக்கில் இருக்கும். எது சம்பந்தர் வாக்கு என்று எண் சொல்லாது" என்றேன்.

பரங்கிப்பேட்டை சென்றது, கிள்ளையும் சென்றது. "அப்படியென்றால், யாரேனும் அன்று இன்னொரு படி எழுதி வேறோர் ஊரில் வைத்திருக்க வேண்டும்" என்றார் அவர். வண்டி சிதம்பரத்தில் நின்றது.