முட்டை வேட்டையில் யாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று எங்கள் காலனி முற்றத்தில் முதன்முறையாக முட்டை வேட்டை வைத்தோம். 60 பிளாஸ்டிக் முட்டைகளைச் செடி மறைவிலும் பூந்தொட்டியிலும் ஒளித்து வைத்து, 3 வயது முதல் 14 வயது வரை இருந்த 20 குழந்தைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி விசில் ஊதியது நான்தான். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிட்டது. பெரிய பையன்கள் மூன்று பேரிடம் மட்டும் நாற்பதுக்கு மேல் முட்டைகள். புதுக் கவுன் போட்டு வந்திருந்த நான்கு வயதுப் பெண் குழந்தை காலிக் கூடையைப் பிடித்துக்கொண்டு அழுதது. எல்லோரும் அந்தப் பையன்களைத் திட்டினார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? ஓடு என்றோம், ஓடினார்கள். தப்பு ஏற்பாடு செய்த என்மேல்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக முறையை மாற்றி வந்திருக்கிறோம். நம் சங்கக் குடும்பங்களில் சிலர் இதைப்பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை.

முதலில், குழந்தைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி: “ஏசு உயிர்த்தெழுந்ததற்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம், தாத்தா?” எங்கள் சிறு வயதில் ஈஸ்டர் என்றால் கோயில் பூசையும் வீட்டுச் சாப்பாடும்தான், முட்டை விளையாட்டெல்லாம் கிடையாது. இது ஐரோப்பாவிலிருந்து வந்த வழக்கம். அங்கே பழைய காலத்தில் தவக்காலத்தின் 40 நாளும் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. ஆனால் கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்துபோன முட்டைகளை அவித்து, சாயம் ஏற்றி, ஈஸ்டர் அன்று பகிர்ந்து உண்டார்கள். மூடிய ஓடு கல்லறைக்கும், அதை உடைத்து வரும் குஞ்சு புது உயிருக்கும் அடையாளம் ஆயின. கிரேக்கர்கள் இன்றும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஒன்றோடு ஒன்று முட்டி விளையாடுகிறார்கள். யாருடையது உடையவில்லையோ அவருக்கு அந்த ஆண்டு நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை. முட்டை கொண்டுவரும் முயல் ஜெர்மானியர்களுடையது. அவர்கள் அமெரிக்காவில் குடியேறியபோது முயலும் கூடவே போனது. ஊர் விட்டு ஊர் போனவர்கள் பண்டிகையைத் தூக்கிக்கொண்டு போவது நமக்குத் தெரியாததா!

இப்போது வேட்டைக்கு வருகிறேன். ரயில்வேயில் ஒற்றைத் தடப் பாதைகளில் டோக்கன் முறை உண்டு. கருவியிலிருந்து ஓர் உலோகப் பந்து வெளியே வரும். அது கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷன் வரை வண்டியை எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வரும் என்பதால் எதிர் வண்டிக்கு இடமில்லை. இதையே நான் குழந்தைகளுக்கு வைத்தேன். விளையாட்டு தொடங்குமுன் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு வண்ண நூல். ஐந்து வயது வரை மஞ்சள், ஆறு முதல் ஒன்பது வரை நீலம், அதற்கு மேல் சிவப்பு. அவரவர் நூலின் நிறத்தில் உள்ள முட்டையை மட்டுமே எடுக்கலாம். அதிலும் ஆளுக்கு ஆறுதான். ஆறு சேர்ந்ததும் திண்ணைக்கு வந்துவிட வேண்டும்.

மஞ்சள் முட்டைகளை ஒளிக்கவே கூடாது. கயிற்றால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் புல்தரையில் பார்வைக்குத் தெரியும்படி போட்டுவிடுங்கள். அந்த வயதுக்குக் குனிந்து எடுப்பதே வேட்டைதான். நீலம் பாதி மறைவாக இருக்கட்டும்: தொட்டி ஓரம், சைக்கிள் கூடை, படிக்கட்டின் கீழ். சிவப்பை மட்டும் நன்றாக ஒளியுங்கள். பெரிய பிள்ளைகள் தங்களுடையதைத் தேடும்போது சின்னவர்களின் முட்டை கண்ணில் பட்டால் சொல்லக்கூடாது, கைதட்டலாம். குழந்தை பக்கத்தில் வர வர வேகமாகத் தட்ட வேண்டும். இந்த ஒரு விதியால் போட்டிக்கு நின்ற பையன்களே உதவிக்கு நிற்க ஆரம்பித்ததைப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் முட்டை வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் எத்தனை கிடக்கின்றன! அந்தக் கெட்டி அட்டையை முட்டை வடிவில் வெட்டி வண்ணம் பூசினால் போதும். 24 குழந்தைகளுக்கு ஆளுக்கு ஆறு என்றால் 144. இரண்டு பாட்டிமார்களும் நான்கு கத்தரிக்கோலும் இருந்தால் ஒரு சாயங்கால வேலை. காகித முட்டையில் இன்னொரு சௌகரியம்: முட்டை தொடாத குடும்பங்களின் குழந்தைகளும் தயக்கமில்லாமல் சேரலாம். எங்கள் காலனியில் அப்படி ஐந்து வீடுகள். முதல் வருடம் அந்தக் குழந்தைகள் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தன. அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

ஆறு முதல் ஒன்பது வயதுக்கு நமக்குப் பழகிய எலுமிச்சை ஸ்பூன் ஓட்டமே போதும். எலுமிச்சைக்குப் பதில் அவித்த முட்டை வைத்தால் அது ஈஸ்டர் ஓட்டம். இரண்டையும் வைத்திருங்கள், விரும்பியதை எடுத்துக்கொள்ளட்டும். வயது கூடக் கூடத் தூரத்தைக் கூட்டுங்கள்: ஆறு வயதுக்கு 8 மீட்டர், ஒன்பதுக்கு 15 மீட்டர். எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்வார்கள். கோணிப்பைக்குள் நின்று தத்தித் தத்திப் போவதை முயல் ஓட்டம் என்று பெயர் மாற்றினால் அதுவும் ஆயிற்று. நாகபுரியில் இருப்பவர்களுக்கு ஆரஞ்சைச் சொல்லித் தர வேண்டாம். கையால் தொடாமல் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே பிடித்து அடுத்தவருக்குக் கைமாற்றும் ஆட்டத்தில் பெரியவர்களையும் இழுத்துவிடுங்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் உண்மையில் யோசிக்க வேண்டும். ஓடுவதெல்லாம் சின்னப் பிள்ளைத்தனம் என்று ஓரமாக நிற்கும் வயது அது. அவர்களுக்கு நான் சரிவுப் பலகை கொடுத்துவிடுவேன். ஆறடிப் பலகை, ஒரு முனையில் இரண்டு செங்கல். அவித்த முட்டையை உருட்டி, கீழே சாக்பீஸால் போட்ட கோட்டுக்கு நேரே கொண்டுவர வேண்டும். வரவே வராது! ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் கூர்ந்திருப்பதால் முட்டை கூர்முனைப் பக்கமாக வளைந்து ஓடும். ரயில் சக்கரமும் இப்படித்தான். அதன் ஓடுபரப்பு 20-க்கு 1 என்ற கணக்கில் சரிவாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் வண்டி தானாகத் திரும்புவதற்கு அந்தச் சரிவே பெரிதும் உதவுகிறது. இதைச் சொன்னதும் ஒரு பையன் முட்டையைக் கோணலாக வைத்து உருட்டி, வளைத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அமெரிக்க ஜனாதிபதி மாளிகைப் புல்வெளியில் 1878 முதல் முட்டை உருட்டுகிறார்கள் என்றும் சொல்லி வையுங்கள். மரியாதை கூடும்.

பச்சை முட்டை ஒன்றையும் அவித்தது ஒன்றையும் உடைக்காமல் கண்டுபிடிக்கச் சொல்லலாம். தட்டில் வைத்துச் சுழற்றினால் அவித்தது பம்பரம்போல் சுற்றும், பச்சை தள்ளாடும். சுற்றும்போது ஒரு கணம் விரலால் நிறுத்தி விட்டால் பச்சை முட்டை மறுபடி மெல்லச் சுற்றும். உள்ளே இருக்கும் திரவம் இன்னும் நிற்கவில்லை.

இந்த வயதினருக்கே தமிழ்க் குறிப்பு வேட்டையும் வைக்கிறோம். ஒரு சீட்டு அடுத்த சீட்டு இருக்கும் இடத்தைச் சொல்லும். “வெயிலில் நின்று வேலை செய்வேன், கையில்லை, ஆனாலும் உன் சட்டையை விடமாட்டேன்” என்றால் துணி உலர்த்தும் கொடி. இங்கே பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டியோ தாத்தாவோ உண்டு. அவர் படித்துக் காட்டலாம், விடை சொல்லக்கூடாது. சென்ற முறை ஒரு பெண் அடுத்த ஆண்டு சீட்டைத் தானே படிக்கப்போவதாகச் சொல்லி, பாட்டியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

முட்டைக்குச் சாயம் கடையில் வாங்க வேண்டாம். இரண்டு கைப்பிடி வெங்காயச் சருகைத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, ஒரு ஸ்பூன் வினிகர் சேர்த்து, வெள்ளை முட்டையை அதிலேயே அவித்தால் செம்பழுப்பு நிறம் வரும். மஞ்சள்பொடியில் மஞ்சள், பீட்ரூட்டில் ரோஜா நிறம். ஒரு கொத்தமல்லி இலையை முட்டைமேல் ஒட்டி, பழைய மெல்லிய துணியால் இறுக்கிக் கட்டி அவித்துப் பாருங்கள். பிரித்தால் இலை இருந்த இடம் வெளிறி, கோலம் போட்டதுபோல் இருக்கும்.

வெயிலைக் கவனிக்க வேண்டும். ஈஸ்டர் ஒரே தேதியில் வருவதில்லை. 2024-ல் மார்ச் 31, 2025-ல் ஏப்ரல் 20. ஏப்ரலில் வந்தால் நாகபுரியில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். சனி இரவுத் திருவிழிப்பு முடிந்து எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள், ஆகவே மாலை ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். சாக்லேட் முட்டை வேண்டவே வேண்டாம், கூடையிலேயே பாயசம் ஆகிவிடும். அவித்த முட்டை இந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. விளையாட்டுக்குத் தனி, தின்பதற்குத் தனி. தின்பது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். ஒளித்து வைப்பது காகித முட்டை மட்டும்தான்.

பரிசு எல்லோருக்கும் ஒன்றே: ஒரு பென்சில், இரண்டு கடலைமிட்டாய், ஓர் ஆரஞ்சு. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கடலைமிட்டாய்க்குப் பதில் வாழைப்பழம். முட்டை மூன்று டஜன், ஆரஞ்சு, எலுமிச்சை, மிட்டாய், வண்ணம் எல்லாம் சேர்த்து 24 குழந்தைகளுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. ஆறேழு வீடுகள் பகிர்ந்துகொண்டால் பாரமே தெரியாது.

ஸ்பூன்களை மட்டும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லும்போது, காம்பில் ஒரு நூல் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் யாருடையதோ இரண்டு ஸ்பூன்கள் இருக்கின்றன.