49 டிகிரியில் படிகத்துக்கு என்ன ஆகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கிண்டிக்கொண்டே இருப்பதால் அது மணிமணியாகத் திரள்கிறது. படிகம் வளர்ப்பவருக்கு வேண்டியது நேர் எதிர்: ஆயிரம் மணி வேண்டாம், ஒரே பெரிய படிகம் போதும். அதனால்தான் சிறிய ஆய்வகங்களில் கரைசலைத் துளையிட்ட தாளால் மூடி, அசைக்காமல், வாரக்கணக்கில் ஆவியாக விடுகிறோம்.

ராஜபாளையம் பக்கத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும் பிள்ளைகள் கேட்பது, "சார், வளர்த்தாச்சு, அடுத்து எதை அளக்கணும்?" ட்ரைகிளைசின் சல்ஃபேட்டை வைத்தே சொல்கிறேன். மூன்று பங்கு கிளைசினும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்தது. 1956-இல் பெல் ஆய்வகத்தில் இதன் ஃபெர்ரோ எலக்ட்ரிக் தன்மையைக் கண்டார்கள். அதாவது, வெளியிலிருந்து மின்புலம் கொடுக்காமலே உள்ளே மின்முனைவாக்கம் இருக்கும்.

முதலில் மின் அளவீடு. படிகத்தின் இரு முகங்களிலும் வெள்ளிப் பசை தடவினால் அது ஒரு மின்தேக்கி, அவ்வளவுதான். 5 மி.மீ. சதுரம், 2 மி.மீ. தடிமன், மின்காப்பு மாறிலி 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்குதிறன் சுமார் 3.9 பிகோஃபாரட்தான் வரும். இணைப்புக் கம்பிகளின் தேக்குதிறனே அந்த அளவுக்கு இருக்கலாம். அதைக் கழிக்காவிட்டால் நீங்கள் அளந்தது படிகத்தை இல்லை, கம்பியை!

சூடாக்கிக்கொண்டே போங்கள். சுமார் 49 டிகிரி செல்சியஸில் மாறிலி ஆயிரக்கணக்கில் எகிறிப் பிறகு இறங்கும். அதுதான் கியூரி வெப்பநிலை. அதற்கு மேல் தன்னியல்பான முனைவாக்கம் கிடையாது.

அடுத்து வெப்ப எடையிழப்பு வரைபடம். அதில் 49 டிகிரியில் ஒன்றுமே தெரியாது. காரணம், படிகம் எதையும் இழக்கவில்லை. உள் ஒழுங்கு மட்டும் மாறியது. 100 டிகிரியை ஒட்டி எடை குறைந்தால், உள்ளே சிக்கிய கரைசலைச் சந்தேகப்படுங்கள். ஆகவே இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு இல்லை. வெப்பநிலை மாறினால் முகங்களில் மின்னூட்டம் மாறும் என்பதால், இந்தப் படிகம் அகச்சிவப்பு உணரிகளில் பயன்படுகிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 49 டிகிரி சர்வசாதாரணம். உணரி அங்கே முனைவாக்கத்தை இழக்கும். குளிர்ந்ததும் அது திரும்பும். ஆனால் ஒரு பகுதி மேல்நோக்கியும் மறுபகுதி கீழ்நோக்கியும் அமைந்து, ஒன்றையொன்று அடித்துவிடும். வளர்க்கும்போதே கொஞ்சம் எல்-அலனைன் சேர்த்தால் எல்லாம் ஒரே திசையில் திரும்பும்.

எனவே கியூரி வெப்பநிலையை அட்டவணையில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அந்தப் படிகம் எந்த ஊர் வெயிலில் வேலை செய்யப் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.