பனிக்காலத்தில் நீந்துவோர்

தாமிரவருணிக் கரையில் வளர்ந்தவனுக்கு மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பது புதுமையன்று. நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறது. காற்று குளிர்வதால் நமக்கு நீர் சுடுவதுபோல் தோன்றுகிறது. அந்த இளமைக்கால அனுபவத்தை நம்பி, லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஜனவரி மாதக் காலைப்பொழுதில் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் குளத்தில் இறங்கினேன்.

அங்கு ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக உள்ள குளங்கள் ஆண்டு முழுவதும் திறந்திருக்கின்றன. நீரின் வெப்பம் அன்று 5 டிகிரிக்கும் கீழே. ஏணியின் கடைசிப் படியைத் தாண்டியதும் மூச்சு என் வசத்தில் இல்லை. அருகில் நின்ற, என்னைவிட மூத்த ஒருவர், 'முதலில் மூச்சை வெளியே விடுங்கள். நீந்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றார்.

அவர் சொன்னதில் உடலியல் முழுவதும் அடங்கியிருக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். தோல் திடீரெனக் குளிர்ந்ததும் நம்மை அறியாமலே மூச்சை உள்ளிழுக்கிறோம். இதயத் துடிப்பு எகிறுகிறது. அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் நீர் புகுந்துவிடும். ஆகவேதான் பழகியவர்கள் குதிப்பதில்லை. இரண்டு, மூன்று நிமிடங்களில் அதிர்ச்சி அடங்கிவிடும். அடுத்து கை, கால்கள் வலுவிழக்கத் தொடங்கும். கரையேறிய பின்னரும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் குறைந்துகொண்டே போகும் என்பது பலர் அறியாதது. உடனே துவட்டிக் கம்பளி உடுத்துவதும், தேநீர்க் குடுவையோடு வருவதும் அதனால்தான். இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இறங்குவது அறிவுடைமை ஆகாது.

இன்பம் இதில் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். மூச்சு திரும்பிய பிறகு வரும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. அதற்காகவே மறுவாரமும் போனேன்.

இந்த இன்பத்துக்காக அவ்வூர் மக்கள் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார்கள். குளிர்காலக் காலைப் பொழுதில் காவலர் இல்லாமல் நீந்த அனுமதித்தால், விபத்து நேரும்போது தன்மீது வழக்கு வரும் என்று குளத்தை நிர்வகிக்கும் லண்டன் மாநகர நிறுவனம் தயங்கியது. நீச்சல் அறிந்த வயதுவந்தவர்கள் தாமே ஏற்கும் இடருக்கு நிர்வாகம் பொறுப்பாகாது என்று 2005-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால், குழந்தைகளும் மூட்டுவலிக்காரர்களும் அந்தக் குளத்தில் இறங்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது, உள்ளாட்சிகள் நடத்தும் கூரையிட்ட, வெந்நீர்க் குளம். கூரையிட்ட நீச்சல் குளங்களைக் கட்ட அனுமதித்த 1878-ஆம் ஆண்டுச் சட்டமே, குளிர்காலத்தில் அவற்றை மூடி, கூடத்தை உடற்பயிற்சி போன்றவற்றுக்குப் பயன்படுத்தவும் இடமளித்தது. பனிக்காலத்தில் வெந்நீர் என்பது அன்றே செலவுக் கணக்கு.

அந்தக் கணக்கு எளிதன்று. குளத்தின் வெப்பம் பெரும்பாலும் நீராவியாகவே வெளியேறுகிறது. அதைக் குறைக்கக் கூடத்துக் காற்றை நீரைவிட ஏறத்தாழ ஒரு டிகிரி அதிகமாகச் சூடேற்றி வைப்பது வழக்கம். உக்ரைன் போருக்குப் பின் எரிசக்தி விலை ஏறியபோது பல குளங்கள் நீரின் சூட்டைக் குறைத்தன, சில மூடப்பட்டன. 2023 நிதிநிலை அறிக்கையில் பிரிட்டிஷ் அரசு 6.3 கோடி பவுண்டு ஒதுக்கியது. எக்ஸ்மவுத் என்ற கடலோர ஊரில், சிறிய கணினித் தரவு மையம் வெளியேற்றும் வெப்பத்தைக் கொண்டே குளத்தைச் சூடாக்கத் தொடங்கினார்கள். வீணாகும் வெப்பத்துக்கு அவர்கள் கண்ட வழி பொருளியல் ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்தது.

நுழைவுச் சீட்டு வருவாய் மட்டும் இந்தச் செலவைத் தாங்காது. நீச்சல் கற்ற சிறுவன் ஆற்றில் மூழ்காமல் இருப்பதும், முழங்கால் வலியுள்ள மூதாட்டி தன் காலில் நடப்பதும் எந்தக் குளத்தின் வரவேட்டிலும் ஏறுவதில்லை. மருத்துவமனையின் செலவுக் கணக்கில் குறையும் தொகையை நீச்சல் குளத்தின் பற்றுக் கணக்கில் தேடிப் பயனில்லை.

மகள் வீட்டருகே நான் சென்ற குளத்திலும் அடுத்த குளிர்காலத்தில் நீரின் சூட்டை ஒரு டிகிரி குறைத்திருந்தார்கள். எனக்கு வேறுபாடு தெரியவில்லை. புதன்கிழமை தோறும் கைப்பிடியைப் பற்றி இறங்கி, நீருக்குள்ளேயே நடைபழகும் மூதாட்டி ஒருவர் இருந்தார். இரண்டு வாரம் வந்தார். மூன்றாவது வாரம் வரவில்லை.