பார்த்த நிறம் ஏன் உடனே மறக்கிறது?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல் கரையில் நிற்கும் படகுகளை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பி நின்று நிறங்களைச் சொன்னால், பெரியவர்களுக்கு மூன்று நான்கு நினைவில் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றிரண்டுதான். ஏன்?

விடையின் ஒரு பகுதி மூளையின் மின் அலைகளில் இருக்கலாம். 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலில் பதிவுசெய்தார். தம் மகன் கிளாஸின் தலையிலும் மின்முனைகளை வைத்துப் பார்த்தார். அவர் கண்ட ஆல்ஃபா அலை பெரியவர்களுக்கு நொடிக்குச் சுமார் 10 முறை துடிக்கும். மூன்று வயதில் சுமார் 8. பத்து வயதுவாக்கில்தான் 10ஐ நெருங்கும். வேண்டாத காட்சிகளை அடக்கி, வேண்டியதைக் காக்க இவ்வலை உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழந்தைகளிடம் அந்தத் திறன் இன்னும் முதிரவில்லை.

ஆகவே, கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை, பார்த்தது நினைவில் நிற்காமல் அடிக்கடி நிமிர்ந்து பார்த்தால், தயவுசெய்து அதட்டாதீர்கள்.