சின்ன ட்ரோன் கண்ணில் பட சில வழிகள்

வீட்டில் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. வீடியோ எடிட் செய்யவும் பழகியாயிற்று. அடுத்து, மேலிருந்து படம் எடுக்க ஒரு சின்ன ட்ரோன் வாங்கலாமா என்ற ஆசை பலருக்கும் வருகிறது. அப்படி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஏரிக்கரையில் பறக்க விட்டேன். மொபைல் திரையைச் சில விநாடிகள் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் ட்ரோனைக் காணோம்! வானம் முழுக்க வெண்மேகம். என் ட்ரோனோ வெளிர் சாம்பல் நிறம். கரையின் மறுபக்கம் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பதற்றத்தில் ஸ்டிக்கைத் தள்ளியதில் அது அவர்கள் பக்கம் போனது. நல்லவேளையாக யார் மீதும் விழவில்லை. அன்று கற்றதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் மறைகிறது?

கண் பரிசோதனையில் 6 மீட்டர் தொலைவில் அட்டை வைத்துப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா? அதில் 6/6 வரி எழுத்தின் உயரம் சுமார் 9 மில்லிமீட்டர். 100 மீட்டர் தொலைவில் 15 செ.மீ. பொருள் ஏறக்குறைய அதே அளவில்தான் கண்ணுக்குத் தெரியும். டி.ஜே.ஐ. மினி 2 ட்ரோனின் நீளம் 15.9 செ.மீ., உயரமோ வெறும் 5.6 செ.மீ. பக்கவாட்டில் பார்த்தால் மெல்லிய கோடுதான்.

எந்த நிறம் நல்லது?

வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கும்போது ட்ரோனின் அடிப்பக்கம் நிழலில் இருக்கும். அதனால் அங்கே பளிச்சென்ற நிறத்தைவிடக் கறுப்பு டேப் நன்றாகத் தெரியும். மரங்களுக்கு முன்னால் பறக்கும்போதும், புல்லில் விழுந்ததைத் தேடும்போதும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு உதவும். எனவே முன் கைகளில் கறுப்பும் பின் கைகளில் ஆரஞ்சும் ஒட்டுங்கள். மூக்கு எந்தப் பக்கம் என்பதும் அருகில் இருக்கும்போது புரிந்துவிடும். மூக்கு நம்மைப் பார்த்திருந்தால் இடது வலதாக மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்ட்ரோப் விளக்கு

விட்டு விட்டு மின்னும் சிறிய எல்.இ.டி. விளக்குகள் ட்ரோன்களுக்கென்றே கிடைக்கின்றன. மாலையில் இவை மிகவும் பயன்படும். நடுப்பகல் வெயிலில் பலன் குறைவு. விமானங்களில் இடது இறக்கையில் சிவப்பு, வலது இறக்கையில் பச்சை, வாலில் வெள்ளை விளக்கு இருக்கும். நீங்களும் அதே முறையைப் பின்பற்றலாம்.

ஒட்டும் முன் கவனிக்கவும்

1. எடை: இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 249 கிராம் ட்ரோனில் விளக்கை ஒட்டினாலே வகை மாறிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

2. அடியிலுள்ள சென்சார்கள், கேமரா, காற்றுத் துளைகளை மூட வேண்டாம். மேல்பக்கம் உலோகத் தாள் ஒட்டினால் ஜி.பி.எஸ். சிக்னல் பாதிக்கப்படலாம்.

3. இறக்கைகளில் எதையும் ஒட்டாதீர்கள். சமநிலை கெட்டு அதிர்வு வரும்.

4. விளக்கை நடுவில் பொருத்தி, முதலில் 2 மீட்டர் உயரத்தில் நிறுத்திச் சோதியுங்கள்.

கண்ணிலிருந்து மறைந்தால்?

முதலில் இரண்டு ஸ்டிக்குகளையும் விட்டுவிடுங்கள். ஜி.பி.எஸ். உள்ள ட்ரோன் அதே இடத்தில் நிற்கும். பிறகு மேப்பில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்து மெதுவாகத் திருப்புங்கள். முடியாவிட்டால் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ பட்டனை அழுத்துங்கள். அது திரும்பி வரும் உயரத்தை, சுற்றிலும் உள்ள மரங்கள், கம்பங்களைவிட அதிகமாக முன்கூட்டியே செட் செய்திருக்க வேண்டும்.

இன்னொரு எளிய வழியும் உண்டு. நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கும்போது அவர் ட்ரோனை மட்டும் பார்க்கட்டும். இதற்குச் செலவும் இல்லை, எடையும் இல்லை!