மெல்லனலில் வேகும் விலாக்கறி

இன்று உலகெங்கும் வழங்கும் ‘பார்பெக்யூ’ என்னும் சொல், கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் துணிபு. நெருப்புக்கு மேலே உயர்த்திக் கட்டிய மரக்கழிப் பரணையே அச்சொல் முதலில் குறித்தது. நெருப்புக்கும் ஊனுக்கும் இடையே விடப்படும் அந்த இடைவெளியிலேதான் இக்கலை முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வாழ்ந்த ஆப்பிரிக்க மக்கள், மண்ணிலே நீண்ட குழி வெட்டி, கட்டைகளைக் கனலாக்கி, முழுப் பன்றியை இரவெல்லாம் வாட்டினர். விருந்து ஆண்டைகளுடையது; கண்விழிப்பு இவர்களுடையது. விடுதலைக்குப் பின் அக்கைத்திறன் நகரங்களுக்குச் சென்றது. மெம்பிஸ் நகரை அடுத்துப் பிறந்த ஹென்றி பெர்ரி என்னும் கறுப்பினத்தவர், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்சாஸ் நகரில் கடை வைத்து இவ்வாறு வாட்டிய இறைச்சியை விற்றுப் புகழ்பெற்றார்.

விலாக்கறிக்கு இத்துணைப் பொறுமை எதற்கு? விலாவெலும்பைச் சூழ்ந்த தசை, விலங்கு மூச்சு விடுந்தோறும் உழைப்பது. அதனால் அதன் இழைகளைப் பிணைக்கும் ‘கொலாஜன்’ என்னும் நார்ப்பொருள் அங்கே மிகுதி. கடுந்தீயில் இட்டால் தசை சுருங்கிச் சாறு வடிந்துவிடும். நாரோ அப்படியே நிற்கும். உள்வெப்பம் 70 பாகை செல்சியசைக் கடந்து நெடுநேரம் நிலைத்தால்தான் கொலாஜன் மெல்லக் கரைந்து ‘ஜெலட்டின்’ என்னும் பசையாகும். அப்பசையே வாயில் வழுவழுப்பாக உணரப்படுவது. 63 பாகையிலேயே பன்றி இறைச்சி தீங்கின்றி உண்ணத்தக்கதாகிவிடும் என அமெரிக்க வேளாண்மைத் துறை 2011 இல் அறிவித்தது உண்மையே. ஆனால் உண்ணத்தக்கது வேறு, மெல்லத்தக்கது வேறு. விலா கனிவதற்கு 90 பாகையளவு உள்வெப்பம் வேண்டும். அடுப்பினுள் காற்று 110 முதல் 120 பாகைக்குள் இருப்பின், வயிற்றுப்புற விலா கனிய ஐந்தாறு மணி நேரம் செல்லும். (பன்றி உண்ணாதார் ஆட்டு விலாவையும் இம்முறையிலேயே சமைக்கலாம், அதற்கும் இதே இயல்புதான்.)

மலாய்க்காரர் சாத்தே வாட்டுவதைப் பார்த்தவர்க்கு ஒன்று விளங்கும். அங்கே விசிறி ஓயாது; காற்று மிகுந்தால் கனல் சீறும்; சிறு துண்டுகள் நொடியில் வெந்துவிடும். விலாக்கறிக்கோ விசிறியே பகை. இங்கே கரியைப் பட்டினி போட வேண்டும். 1952 இல் சிகாகோ நகரப் பகுதியில், உலோகப் பட்டறையொன்றில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன் என்பார், மிதவை செய்யும் இரும்பு அரைக்கோளங்களைக் கொண்டு மூடியுள்ள அடுப்பொன்றை அமைத்தார். அதன் சிறப்பு மூடியும், காற்றுப் புழைகளுமே. கீழ்ப்புழையைப் பாதி அடைத்தால் கனல் தணியும், திறந்தால் எழும். மேற்புழையை மட்டும் முற்றும் அடைக்கலாகாது; புகை தேங்கிக் கறி கசந்துவிடும்.

கரியை அடுப்பின் ஒருபுறத்தே குவித்து, மறுபுறத்தே நீர்த்தட்டு வைத்து, அதன் மேலுள்ள கம்பிவலையில் விலாவை இடுதல் வேண்டும். எலும்பின் உட்புறத்துச் சவ்வை முன்னரே உரித்துவிடுக, அது கரைவதில்லை. கரி முழுவதையும் ஒருங்கே மூட்டாமல், கனன்ற சில துண்டுகளைப் பற்றாத கரியின் ஓரத்தில் வைத்தால் நெருப்பு ஊர்ந்து செல்லும். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பது ஆர்வமே தவிர அறிவன்று.

பேராக்கின் கோலா செப்பெத்தாங் சூளைகளில் வேகும் பாக்காவ் கரி இதற்கு மிக ஏற்றது. கனம் மிகுந்தது, நின்று எரிவது. அச்சூளைகளிலும் ஏறக்குறைய ஒரு மாதம் காற்றை அடக்கியே மரத்தைக் கரியாக்குகின்றனர் என்பது நோக்கத்தக்கது.

வெந்த விலாவை அரிந்தால் மேற்புறத்தை அடுத்து இளஞ்சிவப்பு வளையம் தோன்றும். வேகாத கறி என்று இதனை ஒதுக்குவார் உண்டு. அது பிழை. கனலிலிருந்து எழும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் செந்நிறப் பொருளோடு கலந்து அந்நிறத்தை நிலைக்கச் செய்கின்றன. கறிக்கு அழகு தரும் அதே கார்பன் மோனாக்சைடு மூச்சில் கலந்தால் இரத்தத்தின் ஹீமோகுளோபினை, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையோடு பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல், உறக்கம் என்று தொடங்கி உயிர்போவதில் முடியும். புகையடங்கி வெண்சாம்பல் பூத்த கனலே தூயதென்று மயங்குவோர் பலர். உண்மையில் அந்நிலையிலும் அவ்வாயு வெளிவந்துகொண்டே இருக்கும். ஆதலின் மழை பெய்கிறதென்று அடுக்குமாடி வீட்டினுள் அடுப்பைக் கொண்டுவருவதும், மலையிடங்களில் குளிருக்காகக் கூடாரத்துள் கனலை வைப்பதும் சாவை அழைப்பதாகும். சன்னலைத் திறந்து வைப்பது போதிய காப்பன்று. திறந்த வெளியே கரியடுப்புக்கு இடம்.

சமையல் முடிந்ததும் இரு புழைகளையும் அடைத்துவிட்டால் கனல் காற்றின்றி அவியும். எஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். சாம்பலுக்கடியில் சூடு மறுநாள்வரை இருக்கக்கூடுமாதலால், அடுப்பு முற்றும் ஆறும்வரை அது வெளியிலேயே இருக்கட்டும்.