ஸ்கூட்டரில் இருந்து பைக்குக்கு மாறினால் இடது கை ஏன் சொன்னபடி கேட்பதில்லை?

ஹேண்டில்பாரின் இடது பக்கம் இருக்கும் அதே லீவர்தான். கியர் பைக்கில் அது கிளட்ச், ஸ்கூட்டரில் பிரேக்.

ஓசூர் வட்டாரத்தில் இரண்டு வகை வண்டியும் தயாராகின்றன. டிவிஎஸ் ஆலையில் அப்பாச்சி பைக்கும் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரும் உருவாகின்றன. ஏத்தர் 2021-ல் ஓசூரில் ஆலை தொடங்கியது. ஓலாவின் ஆலை போச்சம்பள்ளியில். காலையில் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போகும் கூட்டத்திலும் இரண்டும் கலந்தேதான் ஓடுகின்றன.

பல வருஷம் பைக் ஓட்டிவிட்டு இ-ஸ்கூட்டருக்கு மாறுபவர்களின் இடது கால், முதல் வாரம் இல்லாத கியரைத் தேடும். இதையாவது சிரித்துக் கடந்துவிடலாம். கிளட்ச் என்ற நினைப்பில் இடது லீவரை முழுசாக இழுத்தால் வண்டி சடாரென நிற்கும். பின்னால் லாரி வந்தால் ஆபத்து.

இதற்கு நேர்மாறானது இன்னும் மோசம். ஸ்கூட்டர் பழகியவர் நண்பரின் பைக்கை எடுக்கிறார். குறுக்கே நாய் வருகிறது. இடது கை இழுக்கிறது. ஆனால் அது கிளட்ச். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, வண்டி அதே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகும். பின் பிரேக் இருப்பதோ வலது காலடியில்.

தெரிந்தும் ஏன் தவறுகிறது?

'இது கிளட்ச்' என்று சொல்லத் தெரிவது ஒரு நினைவு. கை தானாகப் போய்ப் பிடிப்பது வேறொரு நினைவு. இரண்டும் மூளையில் ஒரே இடத்தை நம்பி இல்லை.

இதைக் காட்டிக்கொடுத்தவர் அமெரிக்கரான ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953-ல் நடந்த மூளை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, புதிதாக நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. அவருக்குக் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். முந்தைய நாள் பயிற்சி செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் மூன்று நாளில் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. அவருக்குத் தெரியாமலேயே கை கற்றுக்கொண்டிருந்தது.

புதுத் திறனை முதலில் யோசித்து யோசித்துத்தான் செய்கிறோம். பழகப் பழக யோசனை விலகிவிடும். சிக்கல், ஏற்கெனவே பழகிய ஒன்றை மாற்றும்போதுதான். பழைய பழக்கம் அழிவதில்லை, புதியது அதன் மேல் ஏறி உட்காருகிறது. நிதானமாக ஓட்டும்போது யோசனை பழையதை அடக்கி வைக்கும். திடீர் ஆபத்தில் யோசிக்க நேரம் ஏது? பழையதே முந்திக்கொள்ளும்.

பழைய புல்லட் ஓட்டியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற பைக்குக்கு மாறியதும் கியர் போடப் போய் பிரேக்கை மிதித்தவர்கள் ஏராளம்.

அமெரிக்க இன்ஜினீயர் டெஸ்டின் சாண்ட்லின், ஹேண்டிலை இடதுபுறம் திருப்பினால் சக்கரம் வலதுபுறம் திரும்பும் சைக்கிளை ஓட்டிப் பழகினார். 2015-ல் வீடியோவாகவும் வெளியிட்டார். எப்படி ஓட்ட வேண்டும் என்பது முதல் நாளே தெரியும். ஓட்ட வந்ததோ எட்டு மாதம் கழித்து. அவருடைய சின்ன மகனுக்கு இரண்டே வாரம்!

என்ன செய்யலாம்?

'கவனமா இருப்போம்' என்று நினைத்துக்கொள்வது போதாது, அவசர நேரத்தில் காணாமல் போவதே அந்தக் கவனம்தான். காலி மைதானத்தில் குறைந்த வேகத்தில் சட்டென நிறுத்திப் பழக வேண்டும். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்வதைவிட, தினம் பத்து நிமிடம் வீதம் சில நாள்கள் செய்வது மேல். இடையில் வரும் தூக்கமும் பழக்கத்தை உறுதியாக்கும்.

ஒரு வசதி உண்டு. வலது கை லீவர் இரண்டு வண்டியிலும் முன் பிரேக்தான். ஸ்கூட்டரில் இடது கையை மட்டுமே நம்பாமல் இரு கையாலும் பிடித்துப் பழகியவருக்கு, பைக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி.

தினமும் இரண்டையும் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். எப்போதாவது இரவல் வாங்கி ஓட்டுபவருக்குத்தான் ஆபத்து அதிகம். சாவி கொடுக்கும் நண்பர், 'பார்த்துப் போ மச்சி' என்பதோடு, தெருமுனைக்குள் நாலு தடவை பிரேக் பிடித்துப் பார்க்கவும் சொல்லலாம்.